இசைப் புதிர்கள் எட்டு: எங்கே சிக்குகிறது, எப்படி அவிழ்கிறது

கேள்வி இதுதான். கர்நாடக இசையை வைத்து எட்டுப் புதிர்கள் கொண்ட ஒரு தொகுப்பு. சில எண் சார்ந்தவை, சில சொல் விளையாட்டு, கடைசி ஒன்று முழுக்கத் தர்க்கம். கேட்டவருக்கு வர்ணம் (ஆரம்பப் பாடங்களுக்குப் பின் கற்கும் பாட்டு வகை) வரை பாடத் தெரியும், குறுக்கெழுத்துப் போடும் பழக்கமும் உண்டு. இருந்தும் பாதிக்கு மேல் நகரவில்லை. ஒரு புதிரில் அவர் விடையும் விடைத்தாளில் உள்ளதும் வேறு வேறாக இருக்கின்றன. "இசையும் தெரிகிறது, புதிரும் பழக்கம்தான், பிறகு ஏன் சிக்குகிறது?" என்கிறார்.

இசைப் புதிரைக் காகிதத்தில் எழுதித்தான் தருகிறார்கள். ஆனால் அதன் சரக்கு பாதி நேரம் காகிதத்தில் இருக்காது. கையில் இருக்கும், இல்லாவிட்டால் காதில் இருக்கும். கண்ணாலேயே தீர்க்கப் பார்ப்பதால்தான் நின்றுபோகிறோம் என்பது என் அனுபவம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

தாளப் புதிரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் உங்கள் விடை தவறில்லை. புதிர் கேட்பது: ஓர் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு முழுச் சுற்றில்) 10 அட்சரம் (எண்ணும் அலகு), அதில் 3 தட்டு, 1 வீச்சு (கையைத் திருப்பிப் போடுவது), 6 விரல் எண்ணிக்கை. சப்த தாளங்களில் இது எது? நீங்கள் சதுஸ்ர ஜாதி மட்ய தாளம் என்று எழுதியிருக்கிறீர்கள். விடைத்தாள் மிஸ்ர ஜாதி ஜம்ப தாளம் என்கிறது.

உறுப்புகளை நினைவில் கொண்டு வாருங்கள். லகு என்றால் ஒரு தட்டு, பிறகு விரல்கள். ஜாதிக்கு ஏற்ப (திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம்) மொத்தம் 3, 4, 5, 7 அல்லது 9 அட்சரம். திருதம் ஒரு தட்டும் ஒரு வீச்சும். அனுதிருதம் வெறும் ஒரு தட்டு. ஏழு தாளம், ஐந்து ஜாதி, ஆக 35. இந்த 35-இல் 10 அட்சரம் வருபவை மூன்றுதான்: சதுஸ்ர மட்யம் (4+2+4), மிஸ்ர ஜம்பை (7+1+2), திஸ்ர அட (3+3+2+2). அட தாளத்தில் திருதம் இரண்டு, அதனால் வீச்சும் இரண்டு. அது விலகிவிடும். மீதி இரண்டையும் கையால் போட்டுப் பாருங்கள். மட்யம்: தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, மூன்று விரல். ஜம்பை: தட்டு, ஆறு விரல், தட்டு, தட்டு, வீச்சு. இரண்டிலும் 3 தட்டு, 1 வீச்சு, 6 விரல். ஆக, புதிரில் தந்த குறிப்புகளுக்கு இரண்டு விடையும் பொருந்துகின்றன. குறை புதிரில் இருக்கிறது, உங்களிடம் இல்லை.

இது தற்செயலாக விழுந்த ஜோடியும் இல்லை. ஓர் ஆவர்த்தனத்தில் எத்தனை உறுப்போ அத்தனை தட்டு. எத்தனை திருதமோ அத்தனை வீச்சு. மட்யம், ஜம்பை இரண்டிலும் உறுப்பு மூன்று, திருதம் ஒன்று. விரல் எண்ணிக்கையும் சமமாகிவிட்டால் எண்ணிப் பிரிக்க வழியே கிடையாது. அப்படிச் சமமாவது மூன்று இடங்களில்: 8 அட்சரத்தில் திஸ்ர மட்யமும் கண்ட ஜம்பையும், 10-இல் உங்கள் ஜோடி, 12-இல் கண்ட மட்யமும் சங்கீர்ண ஜம்பையும். புதிரைச் செய்தவர் "இரண்டு தட்டுகள் அடுத்தடுத்து விழும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் ஜம்பை மட்டும் நின்றிருக்கும். அந்த வரியைக் கண் தேடாது. கையால் ஒரு முறை போட்டவருக்கு உடனே தோன்றும்.

அடுத்தது கடபயாதி, அதாவது பெயரின் எழுத்துகளை எண்ணாக மாற்றும் முறை. கீரவாணி, கரஹரப்ரியா, கௌரிமனோஹரி மூன்றுக்கும் மேளகர்த்தா எண் (72 தாய் ராகங்களின் பட்டியலில் வரிசை எண்) என்ன என்பது புதிர். நீங்கள் மூன்றுக்கும் 21 என்று கணக்குப் போட்டு, "ஒரே எண் எப்படி மூன்று ராகத்துக்கு?" என்று நின்றிருக்கிறீர்கள். தமிழில் எழுதிப் படிக்கும் எல்லாரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது.

முறை தெரியும் என்றாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். க வர்க்கத்திலிருந்து ச வர்க்கம் முடியும் வரை பத்து மெய்களுக்கு 1 முதல் 9, அப்புறம் 0. ட வர்க்கத்திலிருந்து த வர்க்கம் முடிய மறுபடி அதே போல. ப வர்க்கத்துக்கு 1 முதல் 5. ய, ர, ல, வ எனத் தொடங்கி ஹ முடிய 1 முதல் 8. பெயரின் முதல் இரண்டு அசைகளின் எண்களை எடுத்து, வரிசையைத் திருப்பிப் போட்டால் மேள எண். உயிரெழுத்து குறிலோ நெடிலோ கணக்கில் வராது. மாயாமாளவகௌளையில் ம 5, ய 1, திருப்பினால் 15.

இது வடமொழி ஒலிகளை வைத்துச் செய்த கணக்கு. அங்கே க வர்க்கத்தில் நான்கு வல்லொலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். தமிழில் நான்குக்கும் சேர்த்து ஒரே "க". அதனால் காகிதத்தில் "க" என்று பார்த்தால் அது 1, 2, 3, 4 எதுவாகவும் இருக்கலாம். கீரவாணியின் க முதல் ஒலி, 1. கரஹரப்ரியாவின் க மூச்சோடு வரும் இரண்டாம் ஒலி, 2. கௌரியின் க, "தங்கம்" என்னும்போது நடுவில் கேட்கும் மெல்லிய ஒலி, 3. மூன்றிலும் இரண்டாவது அசை ர, அதற்கு 2. ஆகவே 21, 22, 23. வாய்விட்டுச் சொல்லுங்கள், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை காதுக்குப் பிரிந்துவிடும்.

இதே சிக்கல் பல ஜோடிகளில் வரும். கனகாங்கி 1, கானமூர்த்தி 3. எழுத்து இரண்டிலும் க, ன. தானரூபி 6, தேனுகா 9. இரண்டிலும் த, ன. சலநாட்டை 36, சாலகம் 37. முதலாவதில் உள்ள ச "பச்சை"யில் வரும் ச, இரண்டாவதில் உள்ளது "ஸ". நாடகப்ரியா 10, நடபைரவி 20. ட-வுக்கு முதலில் 1, அடுத்ததில் மூச்சொலியோடு 2.

ஒலி தெளிவாகத் தெரியாதபோது எனக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. முதல் அசையை விட்டுவிட்டு இரண்டாவதைப் பாருங்கள். திருப்பிப் போடுவதால் பத்தின் இடம் இரண்டாவது அசையிலிருந்துதான் வருகிறது. அது ர, ல, வ, ம போன்ற குழப்பமில்லாத எழுத்தாக இருந்தால் எந்தப் பத்து என்பது உறுதி. இரண்டாவது ர என்றால் இருபதுகள். 21 முதல் 29 வரை ஒன்பது ராகங்களையும் சொல்லிப் பாருங்கள்: கீரவாணி, கரஹரப்ரியா, கௌரிமனோஹரி, வருணப்ரியா, மாரரஞ்சனி, சாருகேசி, சரசாங்கி, ஹரிகாம்போஜி, தீரசங்கராபரணம். எல்லாவற்றிலும் இரண்டாவது அசை ர-தான். இரண்டாவது ம என்றால் ஐம்பதுகள்: காமவர்த்தினி 51, ராமப்ரியா 52, ஹேமவதி 58, தர்மவதி 59. இப்படிப் பத்தைப் பிடித்துவிட்டால், ஒன்றின் இடத்துக்கு மூன்று நான்கு வாய்ப்புகளே மிஞ்சும். மற்றக் குறிப்புகள் அதைத் தீர்த்துவிடும்.

கூட்டெழுத்து வந்தால் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே விதியாகச் சொன்னால் ஏமாந்துபோவீர்கள். தர்மவதியில் "ர்ம" என்பதில் பின்னால் உள்ள ம-வை எடுக்கிறோம். ரத்னாங்கியில் "த்ன" என்பதில் ன-வை எடுத்து 2 என்கிறோம். ஆனால் சக்ரவாகத்தில் "க்ர" வரும்போது முன்னால் உள்ள க-வை எடுக்க வேண்டும், அப்போதுதான் 16. ர-வை எடுத்தால் 26, அது சாருகேசியின் இடம். திவ்யமணியிலும் வ-வைத்தான் எடுக்கிறோம், 48. ஆகவே இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள். எந்த எண்ணில் வேறொரு ராகம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறதோ அதை விடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோடி, கல்யாணி, சங்கராபரணம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பெயர்களில் கடபயாதி வேலை செய்யாது. அந்த எண்ணுக்காகவே முன்னால் ஒட்டுகள் சேர்த்தார்கள்: ஹனுமத்தோடி 8, மேசகல்யாணி 65, தீரசங்கராபரணம் 29. முத்துசுவாமி தீட்சிதர் வழியில் வழங்கும் பெயர்ப் பட்டியலில் ஒட்டு வேறு, எண் அதே. அங்கே 8 ஜனதோடி (ஜ 8, ன 0), 65 சாந்தகல்யாணி (முதல் ஒலி வடமொழியின் ஶ, அதற்கு 5, த 6). ஒரே எண்ணை எட்டிப்பிடிக்க இருவேறு சொற்கள் தேடியிருக்கிறார்கள். புதிர் போடுகிறவர்கள் செய்யும் அதே வேலையை இவர்கள் இலக்கணத்துக்காகச் செய்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மூன்றாவது: 8, 15, 22, 29, அடுத்தது என்ன, ஏன்? 36 என்று எழுதிவிட்டீர்கள், சரி. "ஏன்" என்பதற்கு "ஏழு ஏழாகக் கூடுகிறது" என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான்.

இவை ஹனுமத்தோடி, மாயாமாளவகௌளை, கரஹரப்ரியா, தீரசங்கராபரணம், சலநாட்டை. 72 மேளங்களும் 12 சக்கரங்கள், சக்கரத்துக்கு ஆறு ராகங்கள். ஒரு சக்கரத்துக்குள் ரிஷப காந்தாரம் (ரி, க) மாறாது, தைவத நிஷாதம்தான் (த, நி) ஆறு வகையாக மாறும். சக்கரம் மாறினால் ரிஷப காந்தாரம் அதே ஆறு வகை வரிசையில் ஒரு படி நகரும். அதாவது கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே வாய்பாட்டில் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வகையாக அமையும் ராகங்களை எடுத்தால், முதல் சக்கரத்தில் முதலாவது, இரண்டாவதில் இரண்டாவது, மூன்றாவதில் மூன்றாவது என்று வரும். ஒரு சக்கரம் தாண்ட 6, உள்ளே ஒரு படி ஏற 1, ஆக 7. வரிசைக்கு முன்னால் 1 கனகாங்கியும் உண்டு, புதிரில் அதை மறைத்துவிட்டார்கள். இந்த ஆறிலும் ஸ-ரி-க-ம போகும் இடைவெளிகளிலேயே ப-த-நி-ஸ போகும். ஆரம்பப் பாடத்துக்கு மாயாமாளவகௌளையை வைத்திருப்பதற்கு இந்தச் சமச்சீரையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

36-க்குப் பிறகு 43 என்று நீட்டக்கூடாது. 36-ஓடு சுத்த மத்யம (தாழ்ந்த ம) ராகங்கள் முடிகின்றன. பிரதி மத்யமத்தில் (உயர்ந்த ம) கணக்கு 37-இலிருந்து புதிதாகத் தொடங்கும்: 37, 44, 51, 58, 65, 72. இவற்றில் ரி-க வகையும் த-நி வகையும் ஒத்திருந்தாலும், மத்யமம் அரைப்படி ஏறிவிடுவதால் இரண்டு பாதிகளின் இடைவெளிகள் ஒன்றாக இருக்காது.

நான்காவது, மோகனத்தின் ஸ்வரங்களை மாற்றாமல் இன்னும் நான்கு ராகங்களை எடுப்பது. இதற்குக் கிரகபேதம் என்று பெயர். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இடைவெளிகளை எழுதிக்கொள்ளுங்கள். ஸ, சதுஸ்ருதி ரி, அந்தர க, ப, சதுஸ்ருதி த, மேல் ஸ. அரைப்படிகளில் எண்ணினால் 2, 2, 3, 2, 3. இதை ஒரு வளையமாக நினைத்து ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்குங்கள். ரி-யை ஸ-வாக வைத்தால் 2, 3, 2, 3, 2, அது மத்யமாவதி. க-வை வைத்தால் 3, 2, 3, 2, 2, இந்தோளம். ப-வை வைத்தால் சுத்த சாவேரி. த-வை வைத்தால் சுத்த தன்யாசி. மத்யமாவதியின் வரிசையைக் கவனியுங்கள், முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. ஐந்தில் அந்தச் சிறப்பு இதற்கு மட்டும்தான். கச்சேரி முடிவில் அதைப் பாடும்போது இனி உங்களுக்கு அது நினைவுக்கு வரும்.

ஐந்தாவது, வாக்கியத்துக்குள் ஒளிந்த ராகங்கள். ஆறு வாக்கியங்கள்:

அக்கா பிறந்த மாதம் எது?
ரோசா வேரில் நீர் விடு.
உனக்கு எங்கே தாரம் பார்த்தார்கள்?
இந்தப் பை ரவியுடையதா?
சுகமோ? கனம் குறைந்ததா?
பாயைச் சுருட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் போனான்.

முதல் நான்கில் காபி, சாவேரி, கேதாரம், பைரவி என்று சரியாக எடுத்துவிட்டீர்கள். ஐந்தாவது தவறியதற்குக் காரணம் கேள்விக்குறி. கண் அங்கே நின்றுவிடுகிறது. நிறுத்தற்குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, எழுத்துகளை இடைவெளியில்லாமல் ஒரே சரமாக எழுதிப் பாருங்கள்: சுகமோகனம். மோகனம் தானாக வந்து நிற்கும். சொற்களுக்கு நடுவே ஒளிந்த எதற்கும் இந்த வழி போதும். ஓர் எச்சரிக்கை மட்டும்: உயிர்மெய்யை உடைக்காதீர்கள். "மோ" என்பது ஓர் எழுத்து. அதை ம், ஓ என்று பிரித்துத் தேடினால் இல்லாத ராகங்களெல்லாம் தோன்றும்.

ஆறாவது வேறு வகை. அங்கே எதுவும் ஒளியவில்லை. சுருட்டியும் ராகம், நாட்டையும் ராகம், இரண்டும் வெளிச்சத்தில் நிற்கின்றன. முதல் ஐந்தும் சொல்லின் ஓரங்களைத் தேடப் பழக்கிவிட்டதால் முழுச் சொல் கண்ணில் படவில்லை. இப்படி ஒரு பழக்கத்தை ஏற்றிவிட்டு, கடைசியில் அதையே பொறியாக்குவது நல்ல புதிர்க்காரரின் கை. மாண்டு, நாயகி, குறிஞ்சி, வசந்தா இவையும் இப்படி இரட்டை வேடம் போடும்.

ராகப் பெயரைப் பாட்டின் சொல்லுக்குள் வைப்பது நம் மரபில் பழையது, ராக முத்திரை என்பார்கள். தீட்சிதர் இதில் பெரிய கைகாரர். அமிர்தவர்ஷிணி ராகத்தில் அவர் செய்த கிருதியின் முதல் வரியிலேயே அந்தப் பெயர் அம்மனை அழைக்கும் சொல்லாக வரும். கேட்பவருக்கு அது துதி, ராகம் தெரிந்தவருக்கு அதுவே முகவரி. அவருடைய "குருகுஹ" என்ற கையொப்பமும் இப்படியே பொருளோடு கலந்து வரும்.

ஆறாவது புதிர்: ஏழு ஸ்வர எழுத்துகளை (ச, ரி, க, ம, ப, த, நி) மட்டும் வைத்து, நெடில் அனுமதியோடு, கடையெழு வள்ளல்களில் இருவர் பெயரை எழுதுக. ஏழு பேரையும் வரிசையாகச் சொல்லுங்கள்: பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. இறுதியில் மெய்யெழுத்து வந்தால் போயிற்று. உயிரில் தொடங்கினால் போயிற்று. நள்ளியில் ள் இருக்கிறது. மிஞ்சுவது பாரி, காரி. இதைத் தீர்த்த கையோடு கொஞ்சம் விளையாடிப் பாருங்கள். "சரி, நீ தா" என்பது நான்கு ஸ்வரம். "பாரி, நீ தா" என்பதும் நான்கு ஸ்வரம், ஒரு புலவர் வள்ளலைப் பார்த்துக் கேட்பது போலவே இருக்கிறது. பாடினால் பஞ்சமத்தில் எழுந்து, ரிஷபத்துக்கு இறங்கி, நிஷாதத்தைத் தொட்டு, தைவதத்தில் நிற்கும். பாட்டின் எழுத்தும் அந்த இடத்து ஸ்வரமும் ஒன்றாக விழுவதை ஸ்வராக்ஷரம் என்பார்கள். வர்ணம் படித்தவர் நீங்கள், அடுத்த முறை சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) பாடும்போது ஸ்வரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள், ஒன்றிரண்டு அகப்படும்.

ஏழாவது, கோர்வைக் கணக்கு. ஆதி தாளம் (8 அட்சரம்), அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஓர் ஆவர்த்தனம். ஒரே சொற்கட்டை (தாளச் சொற்களின் கோவையை) மூன்று முறை வாசித்து நடுவில் இரண்டு சம இடைவெளி விட வேண்டும். இடைவெளி சொற்கட்டைவிடச் சிறியது. சமத்தில் (ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில்) தொடங்கி அடுத்த சமம் வரை மிச்சமில்லாமல் நிரம்ப வேண்டும். ஏழு மாத்திரைச் சொற்கட்டு பொருந்துமா? பொருந்தாது. மொத்தம் 32, இரட்டைப்படை. இடைவெளிகள் இரண்டும் சேர்ந்து எப்போதும் இரட்டைப்படை. அப்படியானால் மூன்று சொற்கட்டுகளும் சேர்ந்து இரட்டைப்படையாக வேண்டும், அதற்கு ஒரு சொற்கட்டே இரட்டைப்படையாக இருக்க வேண்டும். எத்தனை ஆவர்த்தனம் நீட்டினாலும் இது மாறாது. பொருந்துபவை இரண்டுதான்: 10 மாத்திரையும் 1 இடைவெளியும், 8 மாத்திரையும் 4 இடைவெளியும். ஏழுதான் வேண்டும் என்றால் சமத்தில் ஒரு மாத்திரை விட்டுத் தொடங்குங்கள்: 7, 5, 7, 5, 7, கூட்டினால் 31, சரியாகச் சமத்தில் வந்து விழும். மிருதங்கம் வாசிப்பவர்கள் காகிதம் இல்லாமல் இதைச் செய்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாகத் தர்க்கப் புதிர். நான்கு நாள்கள், நாளுக்கு ஒரு கச்சேரி. வாத்தியங்கள் வீணை, வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம். முக்கிய ராகங்கள் தோடி, கரஹரப்ரியா, சங்கராபரணம், கல்யாணி. குறிப்புகள் ஆறு. பிரதி மத்யம ராகத்தை வாசித்தது ஊதும் வாத்தியம். சங்கராபரணத்துக்கு மறுநாளே கல்யாணி. வீணையில் வாசித்த ராகத்தில் காகலி நிஷாதம் (உயர்ந்த நி) உண்டு. கம்பி வாத்தியங்கள் இரண்டும் அடுத்தடுத்த நாள்களில் இல்லை. முதல் நாள் ராகத்தின் மேள எண் இரண்டாம் நாள் ராகத்தின் எண்ணைவிடப் பெரியது. நாதஸ்வரம் புல்லாங்குழலுக்கு முன்னால் வந்தது.

நீங்கள் செய்த பிழை, கட்டத்தை உடனே வரைந்ததுதான். முதலில் இசையில் சொன்ன குறிப்புகளைச் சாதாரண மொழிக்கு மாற்றிவிடுங்கள். எண்கள்: தோடி 8, கரஹரப்ரியா 22, சங்கராபரணம் 29, கல்யாணி 65. பிரதி மத்யமம் கல்யாணிக்கு மட்டும். காகலி நிஷாதம் சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும். மற்ற இரண்டில் கைசிகி நிஷாதம், அதைவிடத் தாழ்ந்த நி. இனி இசை தேவையில்லை, வெறும் தர்க்கம்.

கல்யாணி ஊதும் வாத்தியத்துக்குப் போய்விட்டதால் வீணைக்குச் சங்கராபரணம்தான். சங்கராபரணமும் கல்யாணியும் ஒட்டி வரும் ஜோடி, அது 1-2, 2-3, 3-4 என்று மூன்று இடங்களில் உட்காரலாம். 1-2 என்றால் முதல் நாள் 29, இரண்டாம் நாள் 65, எண் குறிப்பு உடைகிறது. 2-3 என்றால் முதல் நாள் 29-ஐவிடப் பெரிய எண் வேண்டும். மீதி இருப்பது 8, 22, முடியாது. ஆகவே 3-4. முதல் நாள் கரஹரப்ரியா, இரண்டாம் நாள் தோடி. வீணை மூன்றாம் நாள் என்பதால் வயலின் 2, 4 இரண்டிலும் வர முடியாது, முதல் நாள்தான். நாதஸ்வரம் முந்தியது என்பதால் இரண்டாம் நாள், புல்லாங்குழல் நான்காம் நாள். முடிந்தது: வயலினில் கரஹரப்ரியா, நாதஸ்வரத்தில் தோடி, வீணையில் சங்கராபரணம், புல்லாங்குழலில் கல்யாணி.

"நாதஸ்வரம் என்றதும் தோடி என்று எழுதிவிட்டேன், அது சரியாகவும் இருந்தது" என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். நாதஸ்வர வித்வான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றிக் கேள்விப்பட்ட யாருக்கும் கை அங்கேதான் போகும். ஆனால் அந்த ஊகத்தைக் கட்டத்தில் மையால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். இந்தப் புதிரில் கடைசிக் குறிப்பைத் திருப்பி, புல்லாங்குழல் நாதஸ்வரத்துக்கு முன்னால் வந்தது என்று வைத்தால், தோடி புல்லாங்குழலுக்கும் கல்யாணி நாதஸ்வரத்துக்கும் போய்விடும், மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும்.